நெய்வேலியிலிருந்து ஒரு நெல் பாதை!

நெய்வேலி டவுன்ஷிப்பில் நேர்கோடு பிடித்த சாலைகள், எண் போட்ட வட்டங்கள், நிழல் மரங்கள். ஊரைத் தாண்டினால் சுரங்கம்; சுரங்கத்தைத் தாண்டினால் நெல் வயல். நிலக்கரி எடுக்க இறைக்கும் தண்ணீர்தான் வாலாஜா ஏரிக்கும் போய்ச் சேர்கிறது. அதே சுரங்க வேலைக்காக வாய்க்கால் வெட்ட, 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலுக்குள் பொக்லைன் இறங்கியதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள்.

வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் போனால் சிதம்பரம். அங்கே 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம். விதையை ரசாயனத்தில் ஊறவைத்துப் புதுக் குணம் தேடும் ஆராய்ச்சி இங்கே பல ஆண்டுகளாக நடக்கிறது.

அந்த ரசாயனங்களில் முக்கியமானது இ.எம்.எஸ். அது மரபணுவில் அங்கங்கே ஓர் எழுத்தை மாற்றிவிடும். ‘புளி’ ‘புலி’ ஆவதுபோல! பெரும்பாலான மாற்றங்கள் பயன்படாது. சில, பயிரையே கெடுக்கும். புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பதால் ஆய்வகத்துக்கு வெளியே இதற்கு வேலையில்லை. ஊறிய விதையை நன்றாகக் கழுவித்தான் விதைப்பார்கள். முதல் தலைமுறையில் பெரும்பாலும் மாற்றம் வெளியே தெரியாது. இரண்டாம் தலைமுறையில்தான் குட்டைச் செடி, சீக்கிரம் பூக்கும் செடி எனத் தலைகாட்டும். ஆயிரக்கணக்கில் நிற்கும் செடிகளுக்கு நடுவே நல்லது ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

அப்படிக் கிடைத்த ஒன்றுக்குத் தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு. ‘நாகினா 22’ நெல்லில் இப்படி உருவான செடிகளில், களைக்கொல்லி அடித்தும் சாகாத ஒன்றைக் கண்டெடுத்தவர் கோவை வேளாண் பல்கலைக்கழக நெல் விஞ்ஞானி எஸ்.ராபின். அந்தச் செடிக்கும் ‘ராபின்’ என்றே பெயர். அதன் குணத்தை ஏற்றி டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பூசா பாஸ்மதி 1979, 1985 ரகங்கள் 2021 செப்டம்பரில் வெளியாயின. வேறு உயிரின் மரபணு எதையும் நுழைக்காததால், மரபணு மாற்றுப் பயிர்க் கணக்கில் இவை வராது.

கடலூர் மாவட்டத்துக்கு இது ஏன் முக்கியம்? இங்கே நேரடி விதைப்பு அதிகம். நாற்று நடும் செலவு மிச்சம். ஆனால் நெல்லோடு களையும் சேர்ந்து முளைக்கும். மருந்துக்குத் தாங்கும் நெல் வந்தால் களையெடுக்கும் செலவு குறையும். ஒரே மருந்தை வருஷா வருஷம் அடித்தால் களையும் அதைத் தாங்கப் பழகிவிடும் என்பது இன்னொரு பக்கம். களையெடுத்துப் பிழைக்கும் பெண்களின் கூலியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நெய்வேலிப் பக்கம் போனால், சுரங்கத்தைப் பார்த்த கையோடு சேத்தியாத்தோப்பு சாலையில் வண்டியை நிறுத்தி வயலையும் பாருங்கள். புது விதை எந்த ஆய்வகத்தில் பிறந்தாலும், முளைக்க இந்த மண் வேண்டும்.