பத்து மேட்ச், எட்டுத் தோல்வி

பத்தில் இரண்டே வெற்றி. எங்கள் டிஜிட்டல் டெஸ்க்குக்கு இப்படி ஒரு சீசன் வந்தால், ‘படுமோசம்’ என்று தலைப்புப் போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். 2006-ல் வந்த ‘வீ ஆர் மார்ஷல்’ படத்தைப் பார்த்துவிட்டுத்தான் தேடினேன். அமெரிக்காவின் மார்ஷல் பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் 1971-ம் ஆண்டுக் கணக்கு அது. நம் ஊர் ஃபுட்பால் இல்லை. முட்டை வடிவப் பந்தை இடுக்கிக்கொண்டு முட்டி மோதுவார்களே, அது!

முந்தைய ஆண்டு, நவம்பர் 14. வெளியூரில் ஆடிவிட்டுத் திரும்பிய விமானம் ஊரை நெருங்கும்போது மலைச்சரிவில் விழுந்தது. 75 பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. வீரர்கள் மட்டுமே 37 பேர்.

அணியே வேண்டாம் என்றுகூடப் பேச்சு வந்தது. புது கோச் ஜாக் லெங்யெல், அன்று விமானத்தில் ஏறாத சிலரையும், வேறு விளையாட்டு ஆடியவர்களையும், முதலாண்டுப் பையன்களையும் சேர்த்தார். முதலாண்டு மாணவர்களை மெயின் டீமில் ஆடவைக்க ஸ்பெஷல் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

முதல் மேட்ச் தோல்வி. அடுத்தது செப்டம்பர் 25, சொந்த மைதானம், எதிரில் சேவியர். கடைசி நொடியில் டச்டவுன். 15-13!

அதற்குப் பிறகு ஜெயித்தது ஒரே ஒரு மேட்ச். எனக்கு அந்த எட்டுத் தோல்விகள்தான் பெரிதாகத் தெரிகின்றன. ஒவ்வொரு முறையும் அடுத்த சனிக்கிழமை மறுபடி இறங்கியிருக்கிறார்களே!