கடைசி மூன்று சீட்டுகள்

சீட்டாட்டம் என்றதும் முகஞ்சுழிக்கும் பெரியோர் நம்மிடையே பலர் உளர். அவர்கள் கருத்தில் நியாயம் இல்லாமலில்லை. திருவள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். தருமன் நாடிழந்து காடேகிய கதையையும் நாம் சிறுவயது முதலே கேட்டு வளர்ந்தோம். ஆயின் பொருளைப் பணயம் வைத்து ஆடும் சூது வேறு. நினைவையும் கணக்கையும் முதலாகக் கொண்டு ஆடும் ஆட்டம் வேறு. யாழ்ப்பாணத்து வீட்டு விறாந்தைகளில் ஆடப்பெறும் ‘முந்நூற்று நான்கு’ பின்னைய வகையைச் சார்ந்தது. ஆதலால் கல்லூரியின் விழா மலரில் அதனைப் பற்றிச் சில வார்த்தை எழுதுவது தகாததன்று என நம்புகிறேன்.

ஆட்டத்தின் பெயரே ஒரு கூட்டற் கணக்கு. ஒவ்வொரு சாதியிலும் எட்டாக 32 சீட்டுகள். ஜாக்கிற்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டும் ஏழும் வெறுஞ் சீட்டுகள். வலிமையும் இவ்வரிசையிலேயே அமையும். ஒரு சாதிக்கு 76 புள்ளி. நான்கு சாதிக்கும் 304. இருவர் இருவராக நால்வர் ஆடுவர். முதல் நான்கு சீட்டைக் கண்டவுடன் கேள்வி தொடங்கும். உயர்ந்த கேள்வி கேட்டவர் தம் துரும்பைக் கவிழ்த்து வைப்பார். இஸ்கோப்பன், கிளாவர் என்னும் பெயர்கள் ஒல்லாந்தர் மொழியிலிருந்து வந்து நம் வீட்டுச் சொற்களாகிவிட்டன.

நல்லூரிற் சங்கிலியன் தோப்புக்கு அணித்தாயிருந்த எங்கள் வீட்டில் இவ்வாட்டத்தைக் கற்பித்தவர் என் பெரியப்பா. கொழும்பிற் கணக்காளராகப் பணிபுரிந்து இளைப்பாறியவர். அங்கே பிரிட்ஜ் ஆட்டத்தில் ஊறியவர். நான் இந்துக் கல்லூரியிற் பயின்ற நாளில், 1990 ஆம் ஆண்டுடன் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோயிற்று. மண்ணெண்ணெய் அரிதாகையால் ஜாம் போத்தலில் திரியிட்ட சிறு விளக்கே எங்கட்கு ஒளி. பாடம் படித்து முடித்தபின் எஞ்சிய ஒளியிற் சீட்டு நடைபெறும். கந்தசுவாமி கோயில் மகோற்சவத்தின் 25 நாளும் கட்டு பெட்டியை விட்டு வெளிவராது.

பெரியப்பா இரண்டு ஆட்டங்களையும் ஒப்பிட்டுப் பேசுவார். அமெரிக்கரான ஹரோல்ட் வாண்டர்பில்ட் என்பவர் 1925 இல் புள்ளி முறையை வகுத்தபின் இன்றைய பிரிட்ஜ் உலகெங்கும் பரவிற்று. அதில் 52 சீட்டுகள். கேள்வியை வென்றவரின் கூட்டாளி தம் 13 சீட்டுகளையும் மேசைமேல் விரித்துவிடுவார். ஆகவே வென்றவர் 26 சீட்டுகளைக் கண்டு ஆடுகிறார். நம் ஆட்டத்தில் அவ்வசதி இல்லை. அதற்கு ஈடாக வேறொன்று உண்டு. துரும்பு மூடியிருக்கும்போது, கேட்ட சாதி கையில் இல்லாதவர் தம் சீட்டைக் கவிழ்த்து இடுவார். அதனை எடுத்துப் பார்க்கும் உரிமை துரும்பு வைத்தவர் ஒருவருக்கே. துரும்பல்லாவிடின் அது மற்றவர்க்குக் காட்டப்படாமலே போகும். “எல்லாருக்கும் தெரியாத ஒன்று உனக்குத் தெரிகிறது. அதை மறந்தால் நீ துரும்பு வைத்தும் பயனில்லை” என்பார் பெரியப்பா.

அவர் ஆடிய ஓர் ஆட்டம் இன்றும் என் நினைவில் உள்ளது. கேள்வி 200. நான் அவருக்குக் கூட்டாளி. அயல்வீட்டு ஆசிரியரும் அவர் மகனும் எதிரணி. ஐந்து சுற்றுகள் முடிந்தபோது எங்களிடம் 135 புள்ளி, அவர்களிடம் 91. துரும்பு முழுவதும் தீர்ந்துவிட்டது. பெரியப்பாவின் கையில் ஆட்டின் ஜாக்கும் ஆசும், கிளாவர் ராணியும். ஆட வேண்டியவரும் அவரே.

வெளிவராத பெருஞ் சீட்டுகள் மூன்று: ஆட்டின் ஒன்பதும் பத்தும், கிளாவர் ராசாவும். அவை யாரிடம் உள்ளன? முன்னொரு சுற்றை ஆசிரியர் டயமன் ஜாக்கினால் எடுத்தபோது, டயமன் இல்லாத மகன் ஒரு சீட்டைக் கவிழ்த்து இட்டான். அது ஆட்டின் ராணி, பெரியப்பா பார்த்தார். தந்தை எடுக்கும் சுற்றில் இரண்டு புள்ளி மட்டும் கொடுக்கும் மகனிடம் அதனிற் பெரிய சீட்டு வேறில்லை என்பது தெளிவு. பெரியப்பா துரும்பு இறக்கிய சுற்றில் நான் கொடுத்தது ஆட்டின் ராசா. ஒன்பதோ பத்தோ இருந்திருப்பின் அதையே கொடுத்திருப்பேன். கிளாவர் என்னிடம் இல்லையென்பது முன்னரே வெளிப்பட்டது. ஆகவே மூன்றும் ஆசிரியர் கையில்.

அவ்விடத்தில் ஜாக்கை இறக்கவே எவரும் விரும்புவர். இறக்கினால் ஆசிரியர் பத்தைக் கொடுப்பார். பின்னர் ஆசை அவருடைய ஒன்பது கொண்டுபோகும். எனது டயமன் ராணியின் இரண்டு புள்ளியையும் சேர்த்து 177 உடன் ஆட்டம் தோற்றிருக்கும். பெரியப்பா இறக்கியது கிளாவர் ராணி. ஆசிரியர் ராசாவால் எடுத்தார். நான் வெறுஞ் சீட்டொன்றை விட்டேன். ஐந்து புள்ளி போயிற்று. ஆயின் அடுத்த சுற்றைத் தொடங்க ஆசிரியரிடம் எஞ்சியவை ஆட்டின் ஒன்பதும் பத்துமே. எதை இட்டாலும் அதன்மேல் ஜாக்கோ ஆசோ விழும். இரண்டு சுற்றும் எங்கட்கே. அவற்றில் 73 புள்ளி. மொத்தம் 208.

வேண்டுமென்றே ஒரு சுற்றைக் கொடுத்து, எதிரியை ஆட்டந் தொடங்கச் செய்யும் இவ்வுத்தி பிரிட்ஜ் ஆட்டத்தார் நன்கறிந்தது. அதற்கு மாற்றும் உண்டு. ஆசிரியர் தம் கிளாவர் ராசாவை முன்னரே கழித்திருந்தால், ராணியைப் பெரியப்பாவே வெல்ல நேர்ந்து, மேலும் அவரே ஆடவேண்டிவரும். மூன்று புள்ளியை விடாது காத்தமையால் ஆசிரியர் முப்பதை இழந்தார். அடுத்த ஆட்டம் முழுவதும் அவர் அதனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

1995 ஒக்டோபர் 30 ஆந் தேதி வலிகாமத்து மக்கள் ஒருசேரத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். அன்றிரவு எதனை எடுப்பது, எதனை விடுவது என்று ஒவ்வொரு வீட்டிலும் முடிவு செய்ய வேண்டியிருந்தது. பெரியப்பா பித்தளைப் பாத்திரங்களையும், தாம் கொழும்பிலிருந்து கொண்டுவந்த பிரிட்ஜ் நூல்களையும், தம் கைக்கடிகாரப் பெட்டியையும் ஒரு வார்த்தையின்றி விட்டார். காணி உறுதிகள், பிள்ளைகளின் சான்றிதழ்கள், பெரியம்மாவின் மருந்து ஆகிய மூன்றுமே துவிச்சக்கர வண்டியில் ஏறின. மறுவருடம் திரும்பியபோது விட்டவை எவையும் வீட்டில் இல்லை. நான் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தபோது கையில் இருந்தவை அச்சான்றிதழ்களே.

அந்த மேசையிலிருந்த நால்வரில் இருவர் இன்றில்லை. எஞ்சிய இருவரும் வேறு வேறு நாட்டில் வாழ்கிறோம். இம்மலரைப் படிக்கும் மாணவர் சிலரேனும் விடுமுறை நாளில் இவ்வாட்டம் ஆடுவர் என அறிவேன். அவர்கட்கு நான் சொல்வது இது: முதற் சுற்றிலிருந்தே விழுந்த சீட்டுகளை எண்ணுங்கள். கூட்டாளிக்குச் சைகை காட்டாதீர்கள். அவர் இடும் சீட்டே அவர் பேச்சு. ஐந்தாஞ் சுற்று முடிந்ததும் சற்றே நின்று, கையிலுள்ள மூன்றில் எதனை முதலிற் கொடுக்கலாம் என்று சிந்தியுங்கள்.