மூடியைத் திறந்து காட்டும் வியாபாரம்



பழைய பொருளை விற்கும்போது வாங்குபவரிடம் எதுவரை சொல்ல வேண்டும்? பல்லாண்டுகளாகக் குர்ஆன் ஓதல் ஒலிநாடாக்களைக் கேட்டுவந்த எங்கள் குவாட் 405 ஆம்ப்ளிஃபையரை விற்க முனைந்தபோது இக்கேள்வி எங்கள் முன் நின்றது.

இங்கிலாந்தின் ஹண்டிங்டன் நகரிலிருந்து பீட்டர் வாக்கரின் குவாட் நிறுவனம் 1975-இல் வெளியிட்ட கருவி அது. ஒரு சேனலுக்கு 100 வாட் திறன் உடையது. அதனுள் சிறிய, துல்லியமான ஒரு பகுதி ஒலி பிறழாமல் காக்கும். வலிய டிரான்சிஸ்டர்கள் மின்னோட்டத்தின் பெருஞ்சுமையை ஏற்கும். இம்முறையைக் ‘கரண்ட் டம்பிங்’ என்பர்.

1982-இல் 405-2 வந்தது. வெளித்தோற்றம் ஏறக்குறைய அதுவே. மாறுதல் உள்ளே இருந்தது. முதற்பதிப்பில் மின்னோட்டத்துக்கு வரம்பிடும் பாதுகாப்புச் சுற்று, மின்தடை குறைந்த ஸ்பீக்கர்களை உரக்க ஒலிக்கச் செய்யும்போது முந்திக் குறுக்கிடும். இரண்டாம் பதிப்பில் அச்சுற்றைத் திருத்தினர். எல்எம்301 என்ற சில்லின் இடத்தில் டிஎல்071 அமர்ந்தது. 8 ஓம் ஸ்பீக்கரில் மிதமாகக் கேட்போருக்கு இவ்வேறுபாடு எளிதில் புலப்படாது. 4 ஓம் ஸ்பீக்கரில் ஒலியை உயர்த்துவோருக்கோ அது முக்கியமானது.

எங்களுக்கு முன் அதை வைத்திருந்தவர் சில்லை மட்டும் மாற்றியிருந்தார்; பாதுகாப்புச் சுற்று பழையதே. வாங்க வந்த சகோதரர் மூடியைத் திறந்து, டிஎல்071-ஐக் கண்டதும், “இது 405-2 தானே, பாய்?” என்றார். அவரிடம் இருந்தவை 4 ஓம் ஸ்பீக்கர்கள். பொய் சொல்ல வேண்டிய தேவையே எங்களுக்கு இல்லை. மௌனமாக இருந்திருந்தால் போதும், கூடுதல் விலை கிடைத்திருக்கும்.

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டதும், நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று விற்றவரிடம் வினவியதும் நாம் அறிந்ததே. அந்த வியாபாரியும் வாய்திறந்து பொய் சொல்லவில்லை. மேற்பரப்பு அவருக்காகப் பேசிக்கொண்டிருந்தது. எங்கள் கருவியிலோ ஒரு சிறு சில்லு பேசிற்று.

உள்ளதைச் சொன்னோம். அவர் நன்றி கூறி, வாங்காமலே சென்றார். சில வாரங்களுக்குப் பின், 8 ஓம் ஸ்பீக்கர் வைத்திருந்த வேறொருவர் குறைந்த விலைக்கு எடுத்துச் சென்றார்.

ஆகவே விற்பவர்கள் பதிப்பின் பெயரோடு, எது மாற்றப்பட்டது, எது மாற்றப்படவில்லை என்பதையும் கூறிவிடுவோம். அறியாமல் வாங்குபவரின் நம்பிக்கையும் நம்மிடம் ஓர் அமானிதமே. நம் கொடுக்கல் வாங்கலில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.