கரடியின் முதுகில்

சென்ற ஆடி மாதம் ஓர் இரவு நாம் ஒரு வீர சபதம் செய்தோம். இனி அந்தப் படம் காட்டும் செயலியை விரலாலும் தொடுவதில்லை என்பதே அது. மாணாக்கரின் பரீட்சைத் தாள்களைத் திருத்துவதற்கென்று எட்டு மணிக்கு உட்கார்ந்தோம். பத்தரை மணிக்குப் பார்த்தால், திருத்திய தாள்கள் மூன்று. பார்த்து முடித்த சண்டைகள் முப்பது. சண்டையிட்டவர்களில் ஒருவரையாவது நமக்குத் தெரியாது!

சபதம் இருபது நாள் நின்றது. அதற்குள் நம்முடன் கல்லூரியில் படித்த நண்பர் ஒருவர் காலமானார். செய்தி நமக்கு எட்டியது நான்காம் நாள். வீட்டார் அந்தச் செயலியில் அறிவித்திருந்தார்கள். அனைவரும் பார்த்தார்கள், போனார்கள். நமக்கும் தெரிந்திருக்கும் என்றே எல்லோரும் எண்ணிவிட்டார்கள்.

ஆற்றில் மிதந்த கரடியைக் கம்பளி என்று கட்டிக்கொண்டவன், "நான் விட்டாலும் அது விடமாட்டேன் என்கிறதே!" என்று கத்திய கதை நேயர்கள் அறிந்ததே. நம்முடைய கரடி அப்படிப்பட்டதன்று. ஊரார் எல்லோரும் அதன் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். நாம் மட்டும் இறங்கினால் நடு ஆற்றில் தனியே நிற்க வேண்டும்.

சிக்காகோ சர்வகலாசாலைப் பொருளாதார நிபுணர் லியோனார்டோ பர்ஸ்டின் முதலியோர், அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்து 2023-ல் வெளியிட்டார்கள். டிக்டாக்கை நான்கு வாரம் நிறுத்திவைக்க என்ன கூலி வேண்டும்? நண்பர்கள் அதிலேயே இருக்க, தாம் மட்டும் விலகுவதற்குச் சராசரி 59 டாலர் கேட்டார்கள், இன்ஸ்டாகிராமுக்கு 47. எல்லோருமே சேர்ந்து விலகுவதானால்? கூலி கேட்பது போய், தங்கள் கையிலிருந்தே முறையே 28 டாலரும் 10 டாலரும் கொடுக்க இசைந்தார்கள்! பிடிக்காத பண்டத்துக்குக் காசு கொடுக்கும் ஜனங்களை நாம் பார்த்திருக்கிறோம். தாம் நாள்தோறும் உபயோகிக்கும் பண்டம் இல்லாமற் போவதற்குக் காசு கொடுக்கும் வாடிக்கைக்காரரை இப்போதுதான் கேள்விப்படுகிறோம்.

எல்லோரும் ஒருசேர இறங்கியதும் உண்டு. 2020 ஜூன் 29-ல் இந்திய சர்க்கார் டிக்டாக்கைத் தடை செய்தது. நாம் மட்டும் விலகிவிட்டோமே என்ற ஏக்கத்துக்கு அங்கே இடமில்லை. ஆனால் ஜூலையிலேயே இன்ஸ்டாகிராமின் ரீல்ஸ் வந்து சேர்ந்தது. கூட்டம் அந்தக் கரடிமேல் ஏறிக்கொண்டது.

துக்கம் விசாரிக்கப் போனோம். நண்பரின் மனைவி கோபிக்கவில்லை. "அவருடைய படமெல்லாம் அதிலேதான் இருக்கிறது, அண்ணா, பாருங்கள்" என்றார். அன்றிரவே மீண்டும் சேர்ந்தோம். அந்தப் படங்கள் கால் மணி நேரத்தில் தீர்ந்துபோயின. நாம் விளக்கை அணைத்தது பன்னிரண்டரை மணிக்கு.