மஞ்சள் இல்லாத காமாலை

சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் முதல் ஷிப்டு முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், அருகிலிருந்த சிறிய கிளினிக்கின் பெஞ்சில் நாங்கள் மூவரும் அமர்ந்திருந்தோம். மாதம் ஒருமுறை கூடிப் புத்தகங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் நாங்கள். எங்களோடு நான்காமவராக வரும் நண்பர், அங்கே ஓர் ஆலையில் வேலை பார்க்கிறார். முகாம் ஒன்றில் இரத்தம் கொடுத்திருந்தார். சில வாரங்கள் கழித்து, அந்த இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருப்பதாகத் தகவல் வந்தது.

“காமாலை கண்டவன் மாதிரியா இருக்கேன்? நீங்களே பாருங்க” என்று கீழிமையை இழுத்துக் காட்டினார். கண் வெளுப்பாகத்தான் இருந்தது.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது நம் பழமொழி. நமக்கோ மஞ்சளாக இல்லாத காமாலை கண்ணில் படுவதே இல்லை. கெட்ட தண்ணீரால் வரும் காமாலை உடம்பை மஞ்சளாக்கிவிட்டுப் பெரும்பாலும் போய்விடுகிறது. இந்த வைரஸ் பல ஆண்டுகள் சத்தமின்றிக் குடியிருந்து, சிலருக்கு ஈரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படுகிறது. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் நூற்றில் சுமார் 90 குழந்தைகளிடம் அது தங்கிவிடுகிறது. வளர்ந்தபின் தொற்றினால் தங்குவது நூற்றில் ஐந்துக்கும் குறைவானவர்களிடமே. நண்பருக்கு அது எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அவருடைய தாயார் அதற்குள் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கத் தொடங்கியிருந்தார். அதைக் கேட்டு நாங்கள் சிரிக்கவில்லை. 1988-ல் லான்செட் இதழில் சென்னை ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜன் முதலானோர் எழுதிய கட்டுரை, கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்ததாகச் சொன்னது. கட்டுரையாளர்களில் ஒருவர் பரூக் பிளம்பர்க். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்திலிருந்து அந்த அடையாளத்தைக் கண்டறிந்து, 1976-ல் நோபல் பரிசு பெற்றவர். ஆனால் பின்னர் பிற இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. பிளம்பர்க்கின் கண்டுபிடிப்பிலிருந்து பிறந்த தடுப்பூசியோ நிலைத்துவிட்டது.

மருத்துவர் நண்பரிடம் பேசி முடித்து எங்கள் பக்கம் திரும்பினார். “நீங்க மூணு பேரும் ஊசி போட்டிருக்கீங்களா?”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பக்கத்தில் இருந்த பாட்டி ஒருவர் எங்களுக்காகப் பதில் சொன்னார்: “அதெல்லாம் கொழந்தைங்களுக்குப் போடறதுதானே சார்.”

அவர் சொன்னதில் தவறில்லை. 1997-ல் ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் இந்த ஊசியை உள்நாட்டிலேயே தயாரித்த பிறகுதான் விலை இறங்கியது. நாடு முழுவதும் குழந்தைகளுக்கான இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் அது இடம்பெற்றது 2011-ல். அதற்கு முன் பிறந்தவர்களில் பெரும்பாலோர், நாங்கள் உட்பட, விடுபட்டவர்கள். எங்களில் ஒருவர் மட்டும் ஒரு காலத்தில் வேலைக்காக இரண்டு ஊசிகள் போட்டிருந்தார். ஆறாம் மாதத்து மூன்றாவது ஊசியை மறந்தே போனார். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, மீதமுள்ளதைப் போட்டால் போதும் என்றார் மருத்துவர்.

நண்பர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். வீட்டில் அவருக்குத் தட்டும் டம்ளரும் தனியாக வைத்துவிட்டார்களாம். அது சரிதானா?

“டம்ளரைப் பழைய இடத்துலயே வைக்கச் சொல்லுங்க. சாப்பாட்டாலும் தொடுறதாலும் இது ஒட்டாது. சவர பிளேடை யாரோடு பகிர்ந்துக்கறீங்க?”

மகனோடு, என்றார் நண்பர். அதன்பின் வெகுநேரம் அவர் பேசவில்லை.

இரத்தம், உடலுறவு, பிரசவம், பிளேடு, ஊசி என்று இந்த வைரஸ் போகும் வழிகள் வேறு. மனைவிக்கும் மகனுக்கும் பரிசோதனை நடந்தது. முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் எங்கள் கூட்டத்தில் புத்தகப் பேச்சே எழவில்லை. இருவருக்கும் தொற்று இல்லை என்று தெரிந்த அன்றே முதல் ஊசி போடப்பட்டது. எங்களுக்கும் பரிசோதனை முடிந்து ஊசி தொடங்கியது.

நண்பருக்கு இனி அந்த ஊசியால் பயனில்லை. குறித்த இடைவெளியில் பரிசோதனை, தேவைப்பட்டால் மாத்திரை என்பதே அவர் பாதை. ஆனால் எங்கள் அட்டைகளின் தேதிகளையெல்லாம் அவர் தம் நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தார். ஆறாம் மாதம், குறித்த நாள் காலையில் தொலைபேசி ஒலித்தது.

“இன்னிக்கு மூணாவது. மறந்துடாதீங்க.”