அப்பாவின் நயா பைசா

அப்பா இதுவரை எனக்குச் சொன்ன கதையெல்லாம் விலைப்பட்டியல்தான். அப்போது தோசை என்ன விலை, தரை டிக்கெட் எவ்வளவு, பவுன் எவ்வளவு. கடைசியில் "உங்களுக்கெல்லாம் என்ன தெரியும்?" அதற்குமேல் யார் கேட்பார்கள்?

*

அம்மா வேறு ரகம். கேட்டால் "எனக்கென்னடா கதை" என்பாள். முருங்கைக்கீரை ஆயும்போது தானாக வரும். போன மாதம் போனில் ரெக்கார்டரைப் போட்டுப் பக்கத்தில் வைத்தேன். உடனே குரல் மாறிவிட்டது. "எனது தந்தையார் ரயில்வேயில் பணிபுரிந்தார்" என்கிறாள். வாழ்நாளில் அவள் வாயில் 'தந்தையார்' வந்து நான் கேட்டதில்லை. அணைத்துவிட்டேன். தாத்தா கரி பிடித்த சட்டையோடு நேராகக் கல்யாணப் பந்தியில் வந்து உட்கார்ந்த கதை அதற்கப்புறம்தான் வந்தது.

*

மறுபடி 'மௌஸ்' படித்தேன். ஆர்ட் ஸ்பீகெல்மன், ஆஷ்விட்ஸிலிருந்து தப்பிய தன் அப்பாவின் பேச்சை 1970-களில் டேப்பில் பிடித்து வரைந்த படக்கதை. முதல் பாகம் 1986. அப்பா விளாதெக் உடற்பயிற்சி சைக்கிளை மிதித்துக்கொண்டே பேசுகிறார். கைகாலுக்கு வேலை இருந்தால்தான் வாய் திறக்கும்போல. கல்யாணத்துக்கு முன் பழகிய பெண்ணைப் பற்றி விலாவாரியாகச் சொல்லிவிட்டு, இதைப் புத்தகத்தில் போடாதே என்கிறார். மகன் சத்தியம் செய்கிறார். அந்தக் கதையும் இருக்கிறது, அந்தச் சத்தியமும் இருக்கிறது, புத்தகத்தில்!

அதே அப்பா, இறந்துபோன மனைவியின் குறிப்பேடுகளை எரித்தவர். அதனால் மகனை என்னால் முழுதாகத் திட்ட முடியவில்லை.

*

உ.வே.சா. 'என் சரித்திர'த்தை விகடனில் தொடங்கியபோது வயது 84. 1942-இல் அவர் காலமானார். கதை பாதியில் நின்றது. அப்பாவுக்கு இப்போது 78. கணக்குப் போட வேண்டாம் என்றாலும் மனசு போடுகிறது.

*

நேற்று மகள் வீட்டுக்கணக்கோடு உட்கார்ந்திருந்தாள். அப்பா தானாக ஆரம்பித்தார். 1957 ஏப்ரல் 1, நயா பைசா வந்த நாள். ரூபாய்க்கு 16 அணா என்பது போய் 100 பைசா. நாலணாவுக்கு 25, சரி. ஓரணாவுக்கு ஆறேகால் வர வேண்டும். கால் பைசாவுக்கு எங்கே போவது? ஆறு என்று வைத்துக்கொண்டார்கள். அப்பாவுக்கு அப்போது பத்து வயது. நாலணாவுக்கு எண்ணெய் வாங்கிவரப் பாட்டி அனுப்பினால், காசைப் பைசாவாக மாற்றிக்கொண்டு, நாலு கடை ஏறி, அணா அணாவாக வாங்குவாராம். நாலாறு இருபத்துநாலு. ஒரு பைசா மிச்சம்.

"அது திருட்டுதானே தாத்தா?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "கணக்கு" என்றார்.

எனக்கு வயது 48. இந்தக் கதையை நான் கேட்டதே இல்லை.

சேர்த்த காசை என்ன செய்தார் என்பதை அவள் காதில்தான் சொன்னார். "உங்கப்பன்கிட்ட சொல்லிடாத, எழுதிப்புடுவான்."

காலையிலிருந்து கேட்டுப் பார்க்கிறேன். சத்தியம் பண்ணியிருக்கிறாளாம்.