கேத்தியில் கற்றுக்கொண்ட கிழங்குப் பாடம்

ஊட்டி என்றதும் எல்லோரும் தாவரவியல் பூங்காவையும் ஏரிப் படகையும்தான் சொல்வார்கள். எனக்கோ உருளைக்கிழங்குதான் ஞாபகத்துக்கு வருகிறது! சிரிக்காதீர்கள், விஷயம் இருக்கிறது.

போன மே மாதம் கேத்தியில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறி, குன்னூர் தாண்டி, சில்லென்ற காற்றில் கேத்தி ஸ்டேஷனில் இறங்கினால், பள்ளத்தாக்கு முழுக்கப் பாத்தி பாத்தியாகக் காரட்டும் உருளையும்தான். 1820-களில் கோவைக் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் காலத்தில் இந்த மலைக்கு வந்த பயிர். இப்போது வருஷத்துக்கு மூன்று போகம். நாங்கள் போனபோது நீர்போகத்துக் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து வீட்டுப் படகர் பாட்டியம்மா ஒரு கூடை கொடுத்தனுப்பினார். மண் ஒட்டிய இளங்கிழங்கு. வழக்கம்போல் கத்தியை எடுத்துச் சீவ உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் மாமியார் போட்ட சட்டம் அது. "மண்ணுக்குள்ளே விளைஞ்சதைத் தோலோட தின்னா வயிறு என்னத்துக்கு ஆகும்?" என்பார்.

கூடையை வாங்க வந்த பாட்டியம்மா பார்த்துவிட்டார். "ஏம்மா, பாதிக் கிழங்கைக் குப்பையிலே போடறே? புதுக் கிழங்குக்குத் தோலே ஏது?" என்று தேங்காய் நாரால் நாலு தேய் தேய்த்தார். மண்ணும் மேல்தோலும் கழன்று, கிழங்கு பளிச்சென்று வந்தது.

சாயங்காலம் அவரோடு தோட்டத்துக்குப் போனேன். செடியின் தூரில் மண்ணைக் குவித்துக் குவித்து அணைத்திருந்தார்கள். "வெயில் பட்டா கிழங்கு பச்சையாயிடும்மா. அதை நாங்க சாப்பிட மாட்டோம்" என்றார். எனக்குத் திக்கென்றது. என் சின்னப் பெண்ணுக்கு மூன்று வயதிருக்கும்போது, ஜன்னலோரம் கிடந்து பச்சை பாய்ந்து முளைவிட்ட கிழங்கை, வீணாக்குவானேன் என்று தோலோடு வேகவைத்து மசித்துக் கொடுத்தேன். அன்று ராத்திரி முழுக்க வாந்தி. அதனால்தானா என்று இப்போது அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அந்த நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

பச்சை நிறம் கெடுதல் இல்லை, அது இலையில் இருக்கும் பச்சையம்தான். ஆனால் அது தெரிந்தால் கூடவே 'சோலனைன்' என்ற நச்சுப்பொருளும் கூடியிருக்கலாம். தோலுக்கு அடியிலும் முளைக் கண்களிலும்தான் அது அதிகம். கொதிக்க வைத்தாலும் போகாது. லேசாகப் பச்சை தெரிந்தால் அந்த இடத்தை ஆழமாகச் சீவிவிடுங்கள். நிறையப் பச்சையாக இருந்தாலோ, வாயில் வைத்ததும் கசந்தாலோ தயங்காமல் குப்பையில் போடுங்கள். குழந்தைக்குக் கொடுக்கும் கிழங்கென்றால் இன்னும் கவனம் வேண்டும்.

அதற்காகச் சத்தெல்லாம் தோலில்தான் என்று சொல்வதும் சரியில்லை. தோலில் நார்ச்சத்து அதிகம், வாஸ்தவம். வைட்டமின் சி பெரும்பாலும் சதையில்தான் இருக்கிறது. தோலைச் சீவி, துண்டுபோட்டு, தண்ணீரில் கொதிக்க வைத்துக் கொட்டினால் அது தண்ணீரோடு போய்விடும். முழுசாகத் தோலோடு வேகவைத்து, அப்புறம் உரித்தால் சேதம் குறைவு. பொடிமாஸுக்கும் மசாலாவுக்கும் நாம் செய்வது அதுதானே! சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் கதை வேறு. பொட்டாசியம் குறையட்டும் என்று சீவி, நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடிக்கச் சொல்வதுண்டு. டாக்டர் சொல்கிறபடி செய்யுங்கள்.

ஊருக்குத் திரும்பும்போது பாட்டியம்மா அரை மூட்டை கட்டிக் கொடுத்தார். "கழுவாம, இருட்டிலே, காத்தோட்டமா வை. வெங்காயத்தோட சேர்க்காதே" என்று நாலு தடவை சொன்னார். இப்போது என் கிழங்குச் சாக்கு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது.

வந்த மறுநாளே குட்டிக் கிழங்கைத் தோலோடு ரோஸ்ட் செய்தேன். மாமியார் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. சாப்பிட்டு முடித்து, "இன்னும் ரெண்டு இருந்தா போடு" என்றார்.